கண்மாய்க் கரையில் ஒரு பட்டாம்பூச்சிக் கணக்கு

கார்த்திகை மாதத்தில் மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு காலையில், காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரை எதிலாவது ஏறிப் பாருங்கள். எருக்கஞ்செடிகளை ஒட்டி, ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று அவசரமில்லாமல் தாழப் பறந்துகொண்டிருக்கும். முன்சிறகின் நுனி கறுப்பு, அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை. அதன் பெயர் வெந்தய வரியன். பெண் பூச்சி எருக்கிலையின் அடியில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். பொரிந்து வரும் புழுவுக்கு எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான் சாப்பாடு. எருக்கம்பாலில் உள்ள நஞ்சு புழுவின் உடலில் சேர்கிறது. புழு சிறகு முளைத்துப் பறக்கும்போதும் அந்த நஞ்சு உடலில் தங்கிவிடுகிறது. அந்தப் பூச்சியைத் தின்று வாந்தி எடுத்த பறவை மறுமுறை அந்த நிறத்தின் பக்கம் போகாது. அதனால்தான் அந்தப் பறத்தலில் அவசரம் இல்லை.

பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறவர் முதலில் படிக்கவேண்டிய பாடம் இது. பூவில் தேன் குடிக்கும் பூச்சி எங்கும் போகலாம். முட்டையிட அதற்கென்று உள்ள செடியைத்தான் தேடி வரவேண்டும். ஆகவே ஓர் ஊரின் பட்டாம்பூச்சிக் கணக்கை எடுப்பதும் அந்த ஊரில் இன்னும் நிற்கும் செடிகொடிகளின் கணக்கை எடுப்பதும் ஏறத்தாழ ஒரே வேலைதான்.

மலைக்காடு இல்லாத சீமையில்

உலகில் ஏறக்குறைய 18,000 வகைப் பட்டாம்பூச்சிகள் உள்ளன. இந்தியாவில் 1,300க்கும் மேல், தமிழ்நாட்டில் 300க்கும் மேல். தமிழ்நாட்டு வகைகளில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையோடு தொடர்புடையவை. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மலைக்காட்டு வாசிதான். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் புதர்க்காடுமாகக் கிடக்கும் செட்டிநாட்டில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இந்தச் சீமைக்கென்று வேறு இடங்கள் இருக்கின்றன. கண்மாய்க் கரை, வரத்துக்கால், ஊரணியைச் சுற்றிய மேடு, வெட்டாமல் விட்ட ஐயனார் கோயில் காடு, சங்கரபதிக் காடு, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டுத் தோட்டம். இந்தியாவின் ஆறு பட்டாம்பூச்சிக் குடும்பங்களில் ஐந்தின் உறுப்பினர்களை இத்தகைய சமவெளி இடங்களிலேயே பார்த்துவிடலாம்.

பின்கட்டில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நின்றால் கறிவேப்பிலை அழகியும் எலுமிச்சை அழகியும் வரும். அவற்றின் இளம்புழு இலைமேல் விழுந்த பறவை எச்சத்தைப் போலவே இருக்கும். பார்க்கிறவர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார். அரளியில் வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு வெள்ளி பூசியதுபோல் பளபளவென்று தொங்கும். சரக்கொன்றையில் கொன்னை வெள்ளையன், குப்பைமேட்டு ஆமணக்கில் ஆமணக்குச் சிறகன், வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் செவ்வந்திச் சிறகன் வளரும். கரிசல் திட்டுகளிலும் வயல் ஓரத்திலும் தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளையில் சிவப்புடல் அழகி முட்டையிடும். இவற்றில் பலவற்றை நாம் களை என்று பிடுங்கிப் போடுகிறோம்.

ஒன்றைப் போல் இன்னொன்று

எண்ணத் தொடங்கியவுடன் வரும் சிக்கல், ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடுவது. கறிவேப்பிலை அழகியின் பெண் மூன்று வடிவங்களில் வருகிறது. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று நஞ்சுள்ள ரோஜா அழகியைப் போலவும், மூன்றாவது நஞ்சுள்ள சிவப்புடல் அழகியைப் போலவும் வேடம் பூண்டிருக்கும். தன்னிடம் நஞ்சு இல்லாமலே, நஞ்சுள்ளதின் நிறத்தால் பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. பூச்சிகளில் ஆண் பெண் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணுதான் இந்த வேடத்தையும் நிர்ணயிக்கிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

களத்தில் இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. சிறகைப் பார்க்காமல் உடலைப் பாருங்கள். நஞ்சுள்ள இரண்டு அழகிகளுக்கும் உடல் சிவப்பு. வேடதாரிக்கு உடல் கறுப்பு. வெந்தய வரியனுக்கும் ஒரு வேடதாரி உண்டு. பருப்புக்கீரையில் முட்டையிடும் வேறொரு வகையின் பெண் அது. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். வேடதாரிக்கு ஒரே புள்ளி. அந்துப்பூச்சியா பட்டாம்பூச்சியா என்று ஐயம் வந்தால் உணர்கொம்பைப் பார்க்கவேண்டும். பட்டாம்பூச்சிக்கு அதன் நுனி தடித்துக் குமிழாக இருக்கும்.

நீலமும் சாம்பலுமாகத் தரையோடு பறக்கும் சின்னஞ்சிறு வகைகளைச் சிறகு விரித்த படத்தால் அடையாளம் காண்பது கடினம். அவை உட்கார்ந்து சிறகை மூடும்வரை பொறுத்திருந்து, அடிப்பக்கத்தைப் படம் எடுக்கவேண்டும். வலையோ விரலோ தேவையில்லை. கை பட்டால் சிறகின் செதில்கள் உதிரும்.

எண்ணும் முறை

பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் ஊரெல்லாம் சுற்றி, ‘நாற்பது வகை பார்த்தோம்’ என்று சொல்வது மகிழ்ச்சியான செய்தி. அடுத்த ஆண்டு முப்பது வகை என்றால் பூச்சி குறைந்ததா, நடந்த நேரம் குறைந்ததா? அந்தப் பட்டியலால் பதில் சொல்ல முடியாது.

இதற்குத் தீர்வு கண்டவர் பிரிட்டன் ஆய்வாளர் எர்னி போலார்ட். அவர் வகுத்த முறையில் 1976இல் அங்கே நாடு தழுவிய கண்காணிப்பு தொடங்கியது. விதிகள் சிலதான். ஒரே பாதையில் ஒரே சீரான நடையில் வாரந்தோறும் நடக்கவேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்த எல்லைக்குள் தெரிவதை மட்டுமே எண்ணவேண்டும். வெயிலும் காற்றும் ஏற்றதாக இருக்கும் நாளில் மட்டுமே நடக்கவேண்டும். இதை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பல பத்தாண்டுகள் விடாமல் செய்ததால்தான், 1970களிலிருந்து அந்நாட்டு வகைகளில் 80 சதவீதம் எண்ணிக்கையிலோ பரப்பிலோ குறைந்திருக்கின்றன என்று 2022 அறிக்கை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

செட்டிநாட்டில் ஒரு பள்ளியோ கல்லூரியோ இதைத் தொடங்கலாம். ஊரணியில் ஆரம்பித்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க் கரைவரை ஒரு கிலோமீட்டர் போதும். முன்னால் போகிறவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் படம் எடுக்க, மற்றவர்கள் பின்னால் வரவேண்டும். ஆளாளுக்கு எண்ணிக் கூட்டினால் ஒரே பூச்சி நான்கு முறை கணக்கில் ஏறிவிடும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம், காற்று, ஆள் எண்ணிக்கை எல்லாம் ஏட்டில் இருக்கவேண்டும். ஒன்றுமே தென்படாத நாளையும் எழுதவேண்டும். சாதாரண வெந்தய வரியனையும் விடாமல் எண்ணவேண்டும்; மாற்றத்தை முதலில் காட்டப்போவது அரிய வகையல்ல, தினம் பார்க்கும் அந்த வகைதான்.

காலம்

பட்டாம்பூச்சி தன் உடலைச் சூடாக்க வெயிலை நம்பியிருக்கிறது. எனவே விடியற்காலையில் போவதால் பயனில்லை. எட்டு மணிக்கு மேல் உச்சி வெயிலுக்கு முன்பாகப் போகவேண்டும். இந்திய அளவில் 2020 முதல் செப்டம்பரைப் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடிக் கணக்கெடுக்கிறார்கள். அதில் கலந்துகொள்வது நல்லது. ஆனால் நம் கண்மாய்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகை மழை. கரையில் செடி தளிர்ப்பதும் புழு பெருகுவதும் அதன் பிறகுதான். நம் கணக்கு கார்த்திகை தொடங்கித் தை வரை போகவேண்டும்.

அக்டோபர், நவம்பரில் இன்னொரு காட்சியும் உண்டு. நீல வரியன்களும் கருப்பன்களும் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுச் சமவெளிகளைக் கடந்து மேற்கு மலைகளை நோக்கிப் போகும். கோடையில் திரும்பக் கிழக்கே வரும். ஒரே திசையில் தொடர்ந்து பறப்பவற்றைக் கண்டால், நிமிடத்துக்கு எத்தனை, எந்தத் திசை என்று தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும்.

கணக்கு போய்ச் சேரவேண்டிய இடம்

உயிர்களுக்காக ஊர் கூடி நிற்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. காரைக்குடி இருக்கும் இதே சிவகங்கை மாவட்டத்தில் 1977இல் சரணாலயமான வேட்டங்குடியில், பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவையின் கூடு கண்ணுக்குத் தெரிகிறது. பட்டாம்பூச்சியின் தொட்டில் களையாகத் தெரிவதால் அதற்கு அந்தப் பரிவு கிடைப்பதில்லை. கண்மாய் மராமத்து என்றால் இரு கரையையும் இயந்திரம் வழித்துவிடுகிறது. வளாகத்தை அழகாக்குவது என்றால் எருக்கும் ஆமணக்கும்தான் முதலில் போகின்றன.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருக்கவேண்டும். மாணவர்கள் எடுக்கும் கணக்கு அதில் ஏறவேண்டும். ஒவ்வொரு வகைக்கும் எதிரே அதன் புழு தின்னும் செடியின் பெயரும் ஏறவேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் எழுந்து, ‘மராமத்து செய்யுங்கள், ஒரு கரையை இந்த ஆண்டும் மறு கரையை அடுத்த ஆண்டும் செய்யுங்கள்’ என்று கேட்கலாம். வழித்த கரையில் செடி மீண்டும் முளைக்கும்வரை புழுக்களுக்கு எதிர்க்கரை இருக்கும். எந்தக் கரையில் எது எத்தனை இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஏடும் இருக்கும்.