களிமண்ணும் கரும்பலகையும்

மாசி மகத்தன்று ஆலங்குடி வட்டாரத்துக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவற மாட்டார்கள். கீரமங்கலம் அருகே குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்பு, முப்பதடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு குதிரைச் சிலை. நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து சாத்தும் காகித மாலைகளில் அன்று அந்தக் குதிரையே மறைந்து போகும். புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்க் கரைதோறும் அய்யனார்; அவர் முன்னே வேளார்கள் பிசைந்து சுட்ட மண் குதிரைகள்.

இவ்வளவு கைத்திறன் படைத்த சீமையிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் களிமண்ணைத் தொட்டுப் பழகினார்களா? பழகவில்லை என்றால், ஏன்?

கல்லில் ஒரு பாடநூல்

கலையைக் கற்பிப்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரக் கோவைகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவனான ஒரு சைவ மன்னன் இவற்றைச் செய்வித்தான் என்று கல்வெட்டே கூறுகிறது. எதற்காக? தன் புகழுக்காக அல்ல; மாணாக்கர் நலத்துக்காக! உலகில் எத்தனை ஊர்களுக்கு இப்படி ஒரு கல் பாடநூல் வாய்த்திருக்கிறது?

சித்தன்னவாசலின் தாமரைத் தடாகமும் இந்தச் சீமையின் சொத்துத்தான். ஆனால் இக்கலைகளெல்லாம் வளர்ந்தது பள்ளிக்கூடத்துக்கு வெளியே. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மாமூண்டியா பிள்ளை லயத்தைக் கற்றது குருவிடம். 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா பாட்டும் நடிப்பும் பயின்றது பாலர் நாடகக் கம்பெனியில். குருகுலமும் கம்பெனியும் கலைஞனை உருவாக்கின. பள்ளிக்கூடம் குமாஸ்தாவை உருவாக்கியது.

ஓலைக் கூரையும் தக்ளியும்

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களுள் ஒன்றான ஆலங்குடியும் உடன் சென்றது. அந்நாளைய கிராமப் பள்ளியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓலைக் கூரை, மண் தரை, சிலேட்டு, பலப்பம், மணியடிக்கத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. வார்தாவில் 1937-ல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயலாகப் பல பள்ளிகளில் தக்ளி சுழன்றது. ஆண்டு விழா வந்தால் பெண் பிள்ளைகளுக்குக் கும்மி, கோலாட்டம். ஆண் பிள்ளைகளுக்கு நாடகம்.

உயர்நிலைப் பள்ளியில் ‘டிராயிங் மாஸ்டர்’ இருந்தார். கன சதுரம், கூம்பு, பானை, கூஜா ஆகியவற்றை மேஜை மேல் வைத்து வரையச் சொல்வார். தேறியவர்கள் அரசாங்கத்தின் லோயர், ஹையர் பரீட்சைகள் எழுதித் தாமும் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். பானையை வரையக் கற்றுக்கொடுத்த அந்த வகுப்பு, பானையை வனையக் கற்றுக்கொடுக்கவில்லை. தெருக்கோடியில் சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்த வேளாரை ஒரு நாளாவது வகுப்புக்கு அழைக்கலாம் என்ற எண்ணம் எழுந்ததாகவும் தெரியவில்லை.

1953-ல் விழுந்த முடிச்சு

அந்த எண்ணம் எழாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி அமைச்சரவை கிராம ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பள்ளியில் மூன்று மணி நேரப் படிப்பு. மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. குயவன் மகன் குயவனாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. 1954-ல் காமராஜ் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பிறகு நடந்தவை பெரிய காரியங்கள். 1956-ல் பகல் உணவு வந்தது. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கடிகாரமும் தேசப்படமும் வாங்கிக் கொடுத்தார்கள். வயிற்றுக்குச் சோறும் கைக்குப் புத்தகமும் கிடைத்தன. அதே சமயம், கைவேலை என்றாலே சாதியின் நெடி வீசுகிறதோ என்ற ஐயமும் பெற்றோர் மனத்தில் தங்கிவிட்டது. அதில் குற்றம் காண இடமில்லை. வேளார் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் களிமண் என்றால் அது விலங்கு. வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் களிமண் என்றால் அது கலை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வார் அன்று குறைவு.

புல்வெளி நாட்டில்

இதற்குச் சற்று முந்திய காலத்தில் கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் ஓராசிரியர் பள்ளிகளே மிகுதி. கோதுமை வயல்களுக்கு நடுவே ஒற்றை அறை, பனிக்காற்று, பொருளாதார மந்தம். அங்கே 1933-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் பான்ஃபு நகரில் நாடகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. 1936-ல் சஸ்காட்செவனில் எம்மா ஏரிக்கரையில் கெண்டர்டைன் என்ற ஓவியர் கோடைக்கால ஓவியப் பள்ளியை நிறுவினார். பாடசாலை ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் அங்கே சென்று தூரிகை பிடிக்கக் கற்றுத் திரும்பினார்கள். முதலில் ஆசிரியர், பிறகு மாணவர் என்பதே அவர்கள் பிடித்த வழி.

வாரத்தில் மூன்று அரை நாள்

தமிழ்நாட்டில் 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். கலைக்கு நாம் போட்ட விலை இது! 2022-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் பறை அடித்தார்கள், பொம்மலாட்டம் ஆடினார்கள், களிமண்ணில் உருவம் செய்தார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை வரும். கால அட்டவணை நாள்தோறும் வரும்.

குதிரை செய்யும் மண் ஆலங்குடியின் கண்மாய்களில் இன்னும் இருக்கிறது. அதைப் பிசையத் தெரிந்த கைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து அந்த மண்ணைப் பிசைய வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மாணாக்கர் நலத்துக்கென்று பாறையில் எழுதி வைத்த சீமைக்கு, அது பெரிய செலவாகுமா?