புதுச்சேரியில் ஒரு ரோமாபுரி ஜாடி

லீவு விட்டாலே, "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போம்மா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்களா? மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம் வந்து பஸ் மாறினால் புதுச்சேரி. கடற்கரையோடு திரும்பிவிடாமல், பாரதி பூங்காவுக்கு எதிரிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

பிரெஞ்சுக்காரர் காலத்து மேஜை, நாற்காலி எல்லாம் அழகுதான். ஆனால் நின்று பார்க்க வேண்டியவை அரிக்கமேட்டுச் சாமான்கள். ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேடு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் துறைமுகம். ரோமாபுரியிலிருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளின் துண்டுகள் அங்கே கிடைத்தன. அந்த ஜாடிக்கு அடி கூர்! நம் ஊறுகாய் ஜாடி மாதிரி மேடையில் நிற்காது. கப்பலுக்குள் நெருக்கி அடுக்கவும், சாய்த்து ஊற்றும்போது பிடித்துக்கொள்ளவும்தான் அந்த முனை. இல்லத்தரசிக்கு இது சட்டென்று புரிந்துவிடும்!

பக்கத்திலேயே கண்ணாடி மணி, கல்மணி. இவை அரிக்கமேட்டிலேயே செய்தவை. ஊசி நுழையும் துளையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1937-இல் அங்கே கிடைத்த கற்களைப் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேயிடம் கொண்டுவந்து கொடுத்தது உள்ளூர்ப் பொடிசுகள்தான். ஒரு கல்லில் மனித முகமே செதுக்கியிருந்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் முறையாகத் தோண்டினார். நாமோ, "மண்ணுல கையை வைக்காதே!" என்று அதட்டிக்கொண்டிருக்கிறோம்.

திங்கட்கிழமையில் மட்டும் கிளம்பாதீர்கள், பூட்டியிருக்கும்.