பொட்டு மடலின் மடிப்பு வேறுபாடுகள்

பொட்டு மடலின் மடிப்பு வேறுபாடுகள் என்பது மனித மூளையின் பொட்டு மடலில் உள்ள மேடுகளும் பள்ளங்களும் எண்ணிக்கையிலும் நீளத்திலும் ஆழத்திலும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதைக் குறிக்கும். ஒரே மனிதரின் இடது, வலது அரைக்கோளங்களுக்கு இடையிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. பாடநூல்களில் உள்ள மூளைப் படம் பலருக்கும் பொதுவான அமைப்பைக் காட்டும் ஒரு மாதிரிப்படமே ஆகும். அப்படத்தை அப்படியே ஒத்த மூளை எவருக்கும் இருப்பதில்லை. இவ்வேறுபாடுகளில் பெரும்பாலானவை நோயல்ல. எனினும் மூளைப் படங்களைப் படிக்கும்போதும் அறுவை சிகிச்சையின்போதும் இவற்றை அறிந்திருப்பது இன்றியமையாதது.

அமைவிடமும் பெயர்களும்

நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, காதுக்கு மேலும் முன்னும் அமைந்துள்ள பெருமூளைப் பகுதி பொட்டு மடல் எனப்படுகிறது. சில நூல்களில் இது பக்கவாட்டுக் கதுப்பு என்றும் அழைக்கப்படும். கேட்டல், மொழியைப் புரிந்துகொள்ளல், நினைவு, முகங்களை அடையாளம் காணல் ஆகிய பணிகளில் இம்மடல் முக்கியப் பங்கு வகிக்கிறது.

மூளையின் மேற்பரப்பாகிய புறணி சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு படலமாகும். அதன் பரப்பு மண்டையோட்டின் உட்பரப்பை விட மிகப் பெரியது. எனவே அது மடிந்து அடங்கியுள்ளது. புடைத்து நிற்கும் பகுதி மேடு என்றும், இரு மேடுகளுக்கு இடையே உள்ள தாழ்வு பள்ளம் என்றும் அழைக்கப்படும். புறணியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்துள்ளது.

பொட்டு மடலின் வெளிப்பக்கத்தில் மேல், நடு, கீழ் என மூன்று மேடுகள் உள்ளன. அடிப்பக்கத்தில் கதிர்வடிவ மேடும், அதற்கு உட்புறமாக ஹிப்போகேம்பஸை ஒட்டிய மேடும் உள்ளன. மடலுக்கு மேல் எல்லையாக இருப்பது சில்வியன் பிளவு ஆகும்.

மடிப்புகள் தோன்றும் விதம்

கருவளர்ச்சியின் தொடக்க மாதங்களில் மூளையின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். முதலில் சில்வியன் பிளவு போன்ற பெரிய பிளவுகளும், பின்னர் மேல் பொட்டுப் பள்ளம் போன்ற முதன்மைப் பள்ளங்களும் தோன்றுகின்றன. கடைசி மூன்று மாதங்களில் கிளைப் பள்ளங்கள் பெருகுகின்றன. முன்னதாகத் தோன்றும் பள்ளங்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைகின்றன. பிந்தித் தோன்றுபவையே மிகுதியாக மாறுபடுகின்றன. 1977 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மேல் பொட்டு மேடும் குறுக்கு மேடும் வலப்புறத்தில் இடப்புறத்தை விட ஓரிரு வாரங்கள் முன்னதாகத் தோன்றுவதாகக் காட்டியது.

புறணி தனக்கு உள்ளே இருக்கும் வெண்பொருளை விட வேகமாக விரிவதே மடிப்புக்கு முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட இரட்டையரின் மூளைகளிலும் மடிப்புகள் ஒன்றுபோல் அமைவதில்லை.

முக்கிய வேறுபாடுகள்

குறுக்கு மேடு: சில்வியன் பிளவுக்குள் மறைந்துள்ள இம்மேட்டில் முதன்மைக் கேட்டல் பகுதி உள்ளது. 1878 இல் இதனை விரிவாக விளக்கிய ஆஸ்திரிய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஹெஷலின் பெயரால் இது ஹெஷல் மேடு எனப்படுகிறது. சிலரிடம் இது ஒற்றை மேடாகவும், சிலரிடம் ஒரே அடியிலிருந்து இரண்டாகப் பிரிந்தும், வேறு சிலரிடம் இரு தனி மேடுகளாகவும் காணப்படும். 2015 இல் வெளியான ஆய்வொன்றில் வலக்கைப் பழக்கமுள்ள 232 பேரில் 64 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு பக்கத்திலாவது இரட்டிப்பு இருந்தது. வலப்பக்கத்தில் இது 49 விழுக்காடு, இடப்பக்கத்தில் 37 விழுக்காடு ஆகும். அதாவது, பாடநூல் காட்டும் ஒற்றை மேடு இருபக்கமும் அமைந்தவர்களே அங்கு சிறுபான்மையினர்.

பொட்டுத் தளம்: ஹெஷல் மேட்டுக்குப் பின்னால் உள்ள தட்டையான பரப்பு இது. 1968 இல் நார்மன் கெஷ்விண்டும் வால்டர் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை ஆராய்ந்தனர். 65 மூளைகளில் இடப்புறமும் 11 மூளைகளில் வலப்புறமும் பெரியதாக இருந்தன. 24 இல் இரண்டும் சமமாக இருந்தன.

மேல் பொட்டுப் பள்ளம்: இதன் ஒரு பகுதி பெரும்பாலோரிடம் வலப்புறத்தில் கூடுதல் ஆழமுடையது. சிலரிடம் குறுக்கே எழும் சிறு மேடுகளால் பள்ளம் துண்டுபட்டிருக்கும்.

அடிப்பக்கப் பள்ளங்கள்: இவை சிலரிடம் ஒன்றோடொன்று இணைந்தும், சிலரிடம் இடையில் முறிந்தும் காணப்படுகின்றன.

ஹிப்போகேம்பஸின் முழுமையற்ற சுழற்சி: கருவில் ஹிப்போகேம்பஸ் உட்புறமாகச் சுருண்டு மடிகிறது. சிலரிடம் இச்சுழற்சி முழுமை பெறாததால் அது உருண்டை வடிவில் நிற்கும். ஏறத்தாழ 2000 பேரிடம் நடத்தி 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இடப்புறத்தில் 17 விழுக்காட்டினரிடமும் வலப்புறத்தில் 6 விழுக்காட்டினரிடமும் இது காணப்பட்டது.

வடிவமும் திறனும்

மடிப்பின் வடிவத்தைக் கொண்டு ஒருவரின் அறிவுத்திறனைக் கணிக்க இயலாது. ஆயினும் குழுக்களை ஒப்பிடும்போது சில தொடர்புகள் தெரிகின்றன. பேச்சொலிகளை நுணுகிப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஒலியியல் வல்லுநர்களிடம் இடப்புறக் குறுக்கு மேடு பிளவுபட்டோ பலவாகவோ இருப்பது மற்றவர்களை விட மிகுதி என 2011 இல் ஓர் ஆய்வு கண்டது. இம்மேடு பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுவதால், இவ்வமைப்பு பயிற்சியால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. எனினும் இவ்வமைப்பு உள்ள எல்லோரும் ஒலியியல் வல்லுநர் ஆவதில்லை.

மருத்துவ முக்கியத்துவம்

பொட்டு மடல் வலிப்பு நோய், பெரியவர்களிடம் காணப்படும் குவிய வலிப்புகளில் மிகப் பரவலானது. மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு மடலின் முன்பகுதியையும் ஹிப்போகேம்பஸையும் அகற்றும் அறுவை சிகிச்சை பயன் தருகிறது. இங்கு மடிப்பு வேறுபாடு இரு வகைகளில் குறுக்கிடுகிறது.

முதலாவது, எம்.ஆர்.ஐ படத்தைப் படிப்பதில் எழும் சிக்கல். உருண்டையான ஹிப்போகேம்பஸை நோயால் உருமாறியது என்று தவறாகக் கொண்டால், வலிப்பின் உண்மையான தோற்றுவாய் தவறவிடப்படலாம்.

இரண்டாவது, அகற்றும் எல்லையை முடிவு செய்தல். மொழிக்குரிய இடங்கள் எல்லோரிடமும் ஒரே மேட்டில் அமைவதில்லை. 1989 இல் ஜார்ஜ் ஓஜ்மனும் குழுவினரும் 117 நோயாளிகளின் இடது அரைக்கோளத்தை மின்தூண்டல் வழியே ஆராய்ந்து, அவ்விடங்கள் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவதைக் காட்டினர். ஆகவே மேடுகளின் தோற்றத்தை மட்டும் நம்பி வெட்டினால் பேச்சு பாதிக்கப்படக்கூடும். நோயாளியை விழித்திருக்கச் செய்து, பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லிச் சோதிப்பதும், செயல்சார் எம்.ஆர்.ஐ எடுப்பதும் இக்காரணத்தினாலேயே ஆகும்.

இந்தியாவில்

திருவண்ணாமலைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இவர் மொண்ட்ரியாலில், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்தூண்டலால் வரைபடமாக்கிய வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர். 1952 இல் நாட்டின் முதல் வலிப்பு நோய் அறுவை சிகிச்சை வேலூரில் நடைபெற்றது. 1995 இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் விரிவான வலிப்பு நோய் அறுவை சிகிச்சைத் திட்டம் தொடங்கியது.

ஒப்பீட்டுக்குப் பயன்படும் மாதிரி மூளைப் படங்கள் நெடுங்காலம் மேலைநாட்டவரின் படங்களிலிருந்தே உருவாக்கப்பட்டன. 2019 இல் ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 100 இந்தியர்களின் படங்களைக் கொண்டு ஒரு மாதிரியை வெளியிட்டது. அதன்படி இந்தியரின் மூளை சராசரி உயரத்திலும் அகலத்திலும் பருமனிலும் சற்றுச் சிறியது. இது அளவைப் பற்றிய செய்தியே அன்றி அறிவைப் பற்றியது அன்று.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் கரு மூளை வரைபடத்தை வெளியிட்டது. கருவளர்ச்சியின் இரண்டாம் மும்மாதத்தைச் சேர்ந்த மூளைகளின் 5132 வெட்டுத்துண்டுகள் அதில் எண்ணிமப் படங்களாக உள்ளன. பள்ளங்கள் தோன்றத் தொடங்கும் காலம் இதுவே என்பதால், மடிப்புகள் உருவாவதை ஆராய்வோருக்கு இது பயன்படும். இதனை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இத்தகைய மாதிரிகள் எதுவும் ஒரு தனி மனிதரின் மூளைக்கு மாற்றாகாது. பலரின் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது, ஆளுக்கு ஆள் மாறும் சிறு மடிப்புகள் மங்கி மறைந்துவிடுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே படமெடுத்து, தனியே சோதித்து எல்லை வகுக்கப்படுவது இதனாலேயே ஆகும்.