முதல் சர்ஃப் பலகைக்கு எந்த நுரைக்கட்டை?



நம்ம கோவளத்தில் அலைமேல் சறுக்குறவங்களைப் பார்த்துட்டு, "நாமே ஒரு பலகை செஞ்சா என்ன?" என்று கேட்காதவர்கள் நம் வகுப்பில் குறைவு. எனக்கும் அந்த ஆசை உண்டு. இதில் முதல் செலவு நுரைக்கட்டைதான். அதைத் தப்பா வாங்கிட்டா மற்ற செலவும் உழைப்பும் வீண். அதனால் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சர்ஃப் பலகையின் உள்ளே நுரை. அதன்மேல் கண்ணாடியிழைத் துணி. துணியை நுரையோடு இறுக்குவது ரெசின். செதுக்குவதற்கு முன் இருக்கும் நுரைக்கட்டைக்கு 'பிளாங்க்' என்று பெயர். அதில் முக்கியமாக இரண்டு வகை.

1) பாலியூரித்தேன்: ஃபிரிட்ஜ் சுவருக்குள் மஞ்சளா இருக்குமே, அந்தக் குடும்பம். கலிபோர்னியாவில் 1950-களின் கடைசியில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் இதைப் பலகைக்குக் கொண்டுவந்தார்கள். கிளார்க்கின் கம்பெனிதான் அமெரிக்காவில் பெரும்பாலான பிளாங்குகளைச் செய்தது. 2005 டிசம்பரில் அது திடீரென்று மூடப்பட்டது. அப்புறம் நிறைய பேர் இரண்டாவது வகைக்கும் வந்தார்கள்.

2) தெர்மாகோல்: ஆமாங்க, நாம் 'மாடல்' செய்யும் அதே தெர்மாகோல்தான்! ஆனால் இன்னும் கெட்டியானது.

ரெசின் பொருந்துமா?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. அந்தப் படகு வேலைக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின்தான். "அதான் ஊரிலேயே கிடைக்குதே" என்று தெர்மாகோல்மேல் ஊற்றினால் போச்சு! அந்த ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். ஒரே இனம் ஒன்றை ஒன்று கரைக்கும். கட்டை குழி குழியாக உருகிவிடும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின்தான் வேண்டும். பாலியூரித்தேனுக்கு இரண்டுமே ஒத்துவரும். எதுவானாலும் முதலில் ஒரு சின்னத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கெட்டியா, லேசா?

பலகைக்கான தெர்மாகோல் ஒரு கன மீட்டருக்கு சுமார் 24 முதல் 32 கிலோ இருக்க வேண்டும். அதற்கும் லேசானது முழங்கால் பட்டாலே அமுங்கும். இதை அளக்க ஒரு சுலப வழி: 10 செ.மீ. கனசதுரமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். எத்தனை கிராமோ, அத்தனை கிலோதான் ஒரு கன மீட்டருக்கு! 28 கிராம் என்றால் 28 கிலோ. நாம் படித்த அடர்த்திக் கணக்கு இங்கே உதவுது பாருங்க.

மூலையை ஒடித்தும் பாருங்கள். மணிகள் முழுசு முழுசாக உதிர்ந்தால் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். அடிபட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும். மணிகளே இரண்டாகப் பிளந்தால் நல்ல கட்டை.

எந்த அளவு?

பலகை நேராக இருக்காது, மூக்கு மேலே வளைந்திருக்கும். 3 அங்குலத் தடிமன் பலகைக்கு 3 அங்குலக் கட்டை போதாது. மூக்கு 5 அங்குலம் எழும்ப வேண்டுமானால் 6 அங்குலக் கட்டையாவது வேண்டும். பாலியூரித்தேன் பிளாங்க் வளைவோடு, நடுவில் மரப்பட்டையோடு வரும். ஆனால் அதன் மேல்பகுதிதான் கெட்டி, உள்ளே போகப் போக மெத்து. அதனால் நமக்கு வேண்டிய வடிவத்துக்கு மிக அருகில் இருப்பதை வாங்கிக் கொஞ்சமாகச் சீவ வேண்டும். தெர்மாகோல் கட்டை உள்ளும் புறமும் ஒரே மாதிரி. எவ்வளவு செதுக்கினாலும் பரவாயில்லை.

எச்சரிக்கை! தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுக்கலாம், காற்றோட்டமான இடத்தில். பாலியூரித்தேனை அப்படி அறுக்கவே கூடாது, விஷப்புகை வரும். எதைச் செதுக்கினாலும் முகமூடி கட்டாயம்.

என் முடிவு: தெர்மாகோலும் எபாக்ஸியும். எபாக்ஸி விலை கூடத்தான். ஆனால் கட்டையை நானே எடைபோட்டுப் பார்த்து வாங்கலாம், கை தவறினாலும் திருத்தச் சதை இருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 8 செ.மீ. கனசதுரத் துண்டு ஒன்று 8 கிராம் இருக்கிறது. அந்தக் கட்டையை வாங்கலாமா, கூடாதா?

(விடை அடுத்த இதழில்)

– 11-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு