பெட்டி வந்தாச்சு, கீ வரலை

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் தமிழ்நாட்டுத் தியேட்டர் வாசல்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: "கீ வந்துருச்சா?" சென்னையிலும் இதே கேள்விதான், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் சின்னசேலத்திலும் இதே கேள்விதான். படம் முன்கூட்டியே தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆபரேட்டர் தயார். கட் அவுட்டுக்கு மாலையும் விழுந்தாயிற்று. ஆனால் மின்னஞ்சலில் அனுப்பிவிடக்கூடிய ஒரு சின்னக் கோப்பு வந்து சேரும்வரை அந்தப் படத்தின் ஒரு ஃபிரேமைக்கூட யாராலும் பார்க்க முடியாது. தியேட்டர் முதலாளியாலும் முடியாது.

ஃபிலிம் சுருள் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது கேள்வி "பெட்டி வந்துருச்சா?" என்பதுதான். பெட்டி கைக்கு வந்தால் படம் கைக்கு வந்த மாதிரி. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 16 கிலோமீட்டர். ஒரே படத்தின் நான்கு பிரதிகளை அவிழ்த்து நீட்டினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு பிரதிக்கும் செலவு அதிகம் என்பதால் எண்ணித்தான் போடுவார்கள். முதலில் நகரங்கள். அங்கே ஓடி, கீறல் விழுந்து, மழை பெய்வதுபோல் கோடு கோடாக ஆன பிறகே 'சி சென்டர்' என்று வியாபாரிகள் எழுதிவைத்த ஊர்களுக்குப் பெட்டி நகரும். ஒரே பெட்டியை இரண்டு தியேட்டர்கள் பகிர்ந்துகொண்டதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் ஒருவர் அங்கே கொண்டு ஓடுவார். வழியில் பஞ்சர் ஆனால் அந்த ஊரில் இடைவேளை நீளும்.

இந்த ரீலை விரட்டிய கருவியின் கதை 1987-இல் தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979 முதல் 'ஆர்ஸ் எலக்ட்ரானிகா' என்ற பெயரில் ஒரு விழா நடக்கிறது. கலையும் கணினியும் சேருமிடத்தில் என்னவெல்லாம் முளைக்கும் என்று பார்க்கும் பன்னாட்டுத் திருவிழா அது. கணினிக் கலைக்கான பரிசுகளை அங்கே 1987-இல் தொடங்கினார்கள். அசைபடப் பிரிவில் தங்கப் பரிசை ஜான் லாசெட்டர் பெற்றார். இரண்டு மேசை விளக்குகள் பந்தோடு விளையாடும் பிக்ஸாரின் குட்டிப் படத்துக்காக. திரையில் ஓடவேண்டியதைக் கணினியே வரையும் என்று உலகம் கைதட்டிய அதே ஆண்டில், அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக், படத்தைத் திரைமேல் எறியும் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார். பரபரப்பு என்னவோ முதலாவதுக்குத்தான். சின்னசேலம் வரை வந்து சேர்ந்தது இரண்டாவது.

அந்தச் சில்லின் மேல் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை. 2கே எனப்படும் தரத்தில், குறுக்கே 2,048, நெடுக்கே 1,080, மொத்தம் 22 லட்சத்துக்கும் மேல். இத்தனையும் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள். ஒரு கண்ணாடியின் பக்க அளவு தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒவ்வொன்றும் தனித்தனிக் கீலில் நிற்கிறது. இந்தப் பக்கம் 12 டிகிரி சாய்ந்தால் விளக்கின் ஒளி லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும். அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒளி வீணாக ஒரு மூலைக்குப் போய்விடும், திரையில் அந்தப் புள்ளி கருப்பு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆளுக்கொரு சில்லு வைத்தால், ஒரு புரொஜக்டருக்குள் 66 லட்சம் கண்ணாடிகள்.

கண்ணாடிக்குத் தெரிந்தது 'ஆம்', 'இல்லை' இரண்டுதான். அப்படியானால் நாயகியின் கன்னத்தில் விழும் மங்கலான நிழல் எங்கிருந்து வருகிறது? நேரத்திலிருந்து. ஒரு ஃபிரேம் திரையில் நிற்பது நொடியில் 24-இல் ஒரு பங்கு. அதற்குள் கண்ணாடி பலமுறை படபடக்கிறது. பாதி நேரம் திரையைப் பார்த்திருந்தால் பாதி வெளிச்சம், பத்தில் ஒரு பங்கு பார்த்திருந்தால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம். நொடிக்கு ஆயிரக்கணக்கான அசைவுகளை நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. எல்லாவற்றையும் கூட்டிச் சாம்பல் நிறமாகப் புரிந்துகொள்கிறது. இப்படி ஆடினால் கீல் முறியாதா என்று தோன்றும். பொறியாளர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அவ்வளவு மெல்லிய உலோகத் தகட்டுக்கு வழக்கமான களைப்பு வருவதில்லை. லட்சம் கோடி முறை ஆட்டிப் பார்த்தும் தாங்கியது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்ன்பெக்குக்கு 2015-இல் ஆஸ்கர் கிடைத்தது.

கண்ணாடிகளுக்குக் கட்டளையிடும் படக்கோப்பின் அளவும் லேசுப்பட்டதில்லை. இரண்டரை மணி நேரத்தில் 2,16,000 ஃபிரேம்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேம் சுமார் 10 மெகாபைட். மொத்தம் 2 டெராபைட்டுக்கு மேல். இதை 300 ஜிபிக்குள் அடக்க உதவுவது சிற்றலை முறை. படத்தை முதலில் பாதி அளவில் ஒரு சின்னப் படமாகவும், அதில் விடுபட்ட நுணுக்கங்களின் பட்டியலாகவும் பிரிக்கிறது. அந்தச் சின்னப் படத்தை மறுபடி அதேபோல். வெறும் வானம் இருக்குமிடத்தில் நுணுக்கமே இல்லை, பட்டியலும் வெறுமை, இடம் மிச்சம். இதில் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது: 4கே கோப்பு 2கே தியேட்டருக்குப் போனால் கருவி கடைசிப் பட்டியலைப் படிக்காமல் விட்டால் போதும். பெருநகர மால் திரைக்கும் சிற்றூர்த் திரைக்கும் ஒரே கோப்பு.

இனி அந்தக் கீ. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட விதிப்படி, படம் பூட்டப்பட்டே பயணிக்கிறது. அந்தப் பூட்டுக்குச் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. நொடிக்கு 100 கோடி சாவிகளைப் போட்டுப் பார்த்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல்லாயிரம் கோடி மடங்கு காலம் பிடிக்கும். சரி, சரியான சாவியைத் தியேட்டருக்கு எப்படி அனுப்புவது? வழியில் யாராவது நகலெடுத்தால்? இதற்குக் கோயில் உண்டியலின் தந்திரம். உண்டியலில் யார் வேண்டுமானாலும் போடலாம், திறப்பவர் ஒருவர்தான். ஒவ்வொரு தியேட்டர் சர்வரும் இப்படியொரு கணித உண்டியலை வெளியே காட்டுகிறது. படத்தின் சாவியை அதற்குள் போட்டு அனுப்புவார்கள். கேடிஎம் என்று தொழிலில் சொல்லும் திறவுச் செய்தி இதுதான். சின்னசேலத்து சர்வருக்கு வந்த கேடிஎம்மை ஆத்தூருக்கு அனுப்பினாலும் பயனில்லை. அங்குள்ள சர்வரால் திறக்க முடியாது. உண்டியலைத் திறக்கும் அந்தரங்கச் சாவி இருக்கும் பெட்டியை உடைத்துப் பார்க்க முயன்றால் சாவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

கேடிஎம்முக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. சர்வரின் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து முன்கூட்டியே பார்த்துவிடலாமே என்று எவருக்காவது தோன்றும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடிகாரமும் முத்திரையிட்ட பெட்டிக்குள்தான். ஆண்டு முழுவதும் சேர்த்து 6 நிமிடத்துக்கு மேல் திருத்த அனுமதியில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வித்தை இதற்குப் பிறகு வருவது. படம் ஓடும்போதே சர்வர் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கையெழுத்து போடுகிறது. வெறும் 35 பூஜ்யம்-ஒன்றுகள். லீப் ஆண்டு ஒன்றைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 35,136 துண்டுகள். அதில் இது எந்தத் துண்டு என்பதைச் சொல்ல 16. மீதி 19, எந்தக் கருவி என்பதைச் சொல்ல. ஒவ்வொரு ஐந்து நிமிடப் பகுதிக்குள்ளும் இது முழுதாகப் பதிந்திருக்கும். செல்போனில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த 'கேமரா பிரிண்ட்' இணையத்தில் வந்தாலும், அதை ஆராய்ந்து எந்த ஊர், எந்த நாள், எந்தக் காட்சி என்று சொல்லிவிட முடியும்.

இந்தத் தரமெல்லாம் எல்லாத் திரைகளிலும் இருந்ததென்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் சிற்றூர்த் தியேட்டர்களுக்கு இந்தக் கருவிகளின் விலை கட்டுப்படியாகவில்லை. ஜெயேந்திராவும் செந்தில்குமாரும் 1986-இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம் 2005-இல் கியூப் என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. மும்பையின் யுஎஃப்ஓ நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் படங்களை இறக்கியது. இவற்றின் தொடக்ககாலக் கருவிகள் ஹாலிவுட் விதியைவிட எளியவை, மலிவானவை. கல்வராயன் மலையடிவாரத்து ரசிகர்களும் வெளியான நாளிலேயே கீறலில்லாத படம் பார்த்தது இந்த மலிவு வழியில்தான். அதற்கும் கட்டணம் உண்டு. அதை யார் கட்டுவது என்ற தகராறில் தயாரிப்பாளர்கள் 2018 மார்ச் 1 முதல் ஏறக்குறைய 7 வாரம் புதுத் தமிழ்ப் படங்களை வெளியிடவே இல்லை.

காலைக் காட்சிக்குக் கீ தாமதமாவதற்கும் கணிதம் பெரும்பாலும் காரணமில்லை. தயாரிப்பாளர், ஃபைனான்சியர், விநியோகஸ்தர் கணக்கு விடியவிடியப் பைசலாகாமல் இருக்கும். 39 இலக்கப் பூட்டு, பாக்கிப் பணத்துக்குக் காவல் நிற்கிறது.

விஜய் நடித்த 'கில்லி' 2004 ஏப்ரலில் வெளிவந்தபோது ரீலாகப் போனது. 2024 ஏப்ரல் 20-இல் மறுபடி வெளியிட்டபோது டிஜிட்டல் கோப்பாகப் போனது. அந்த 2004 பிரதி ஒன்று இன்னும் ஏதாவது கிடங்கில் கெடாமல் இருந்தால், யாரையும் கேட்காமல் ஒரு விளக்கின் முன் பிடித்து விஜய்யின் முகத்தைப் பார்க்கலாம். பூட்டிய கோப்புள்ள ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவைப்பவர் புதிதாக ஒரு கேடிஎம் கேட்டு எழுத வேண்டும். அதை எழுதித் தர அந்தக் கோப்பைப் பூட்டிய நிறுவனமும் அன்றைக்கு இருக்க வேண்டும்.