மாண்ட்ரியல் போகும் குடும்பத்துக்கு முதல் வேலை

மாண்ட்ரியலில் வேலை கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். தெர்மல் உள்ளாடை, கம்பளிக் கையுறை, ஊறுகாய், குக்கர். ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 10 டிகிரியை ஒட்டி இருக்கும் ஊர் என்பதால் குளிர்பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் குளிரைத் தாங்கும் கோட்டு அந்த ஊர்க் கடையில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். போய் இறங்கியபின் அவசரத்துக்கு வாங்க முடியாதது பிரெஞ்சு மொழி. அதையும் வேலை கிடைத்தவரைவிட, கூடப் போகும் மனைவியோ கணவனோதான் முதலில் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக், கனடாவின் ஒரு மாகாணம்தான் என்றாலும் மொழி விஷயத்தில் அது தனி ராஜ்ஜியம். 101-ஆவது சட்டம் என்று அறியப்படும் பிரெஞ்சு மொழிச் சாசனம் 1977-இல் வந்தது. 2022-இல் 96-ஆவது சட்டம் அதை இன்னும் இறுக்கியது. இதன்படி, குடியேறி ஆறு மாதம் கடந்தவர்களுடன் மாகாண அரசு பொதுவாகப் பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும். மருத்துவம், பொதுப் பாதுகாப்பு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. நிரந்தர வசிப்புரிமைக்கும் வழி வேறு. 1991-இல் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வேலைத்திறன் அடிப்படையில் குடியேறுவோரைக் கியூபெக்கே தேர்ந்தெடுக்கிறது. நம்மவர்கள் மதிப்பெண் உட்பட மனப்பாடமாக வைத்திருக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற மத்திய அரசின் தேர்வு முறை அங்கே செல்லாது.

‘மாண்ட்ரியலில்தான் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்களே’ என்பார்கள். பொய்யில்லை. நகரப் பகுதியில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரு மொழியும் தெரியும்; டவுன்டவுன் கடைகளில் ‘போன்ஜூர்-ஹாய்’ என்று வரவேற்பது சகஜம், 2017-இல் சட்டமன்றமே அதற்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போடும் அளவுக்கு! ஆனால் இந்த ஆங்கிலம் யாருக்குக் கைகொடுக்கிறது? வீடியோ கேம், செயற்கை நுண்ணறிவு, விமானத் துறை என்று வேலைக்கு வந்தவர் ஆங்கிலக் குழுவில் காலம் தள்ளிவிடலாம். அவரை நம்பி வந்தவருக்கு அப்படியொரு அலுவலகம் காத்திருக்கவில்லை. எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்க அனுமதிக்கும், துணைக்கான ஓப்பன் ஒர்க் பெர்மிட்டே 2025 ஜனவரியிலிருந்து எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கடை கவுன்டர், குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை வரவேற்பு என்று எங்கே போனாலும் முதல் கேள்வி பிரெஞ்சில் வரும். நர்ஸ், இன்ஜினீயர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களிலோ பிரெஞ்சு தெரியும் என்று நிரூபித்தாக வேண்டும். தற்காலிக அனுமதி கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும்.

வீடு பிடிப்பதைப் பாருங்கள். அங்கே விளம்பரத்தில் 3½, 4½ என்றிருக்கும். 4½ என்றால் ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. அந்த அரை, குளியலறை. மாதக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைவாசிக்கு நல்ல செய்தி: அங்கே வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்கவே சட்டம் இடம் தராது, முதல் மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். ஆனால் பிரெஞ்சில் நீட்டப்படும் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாதவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

‘மூன்று வருஷம் இருந்துவிட்டு டொரன்டோ போய்விடுவோம், எதற்கு இந்தப் பாடு?’ என்பது அடுத்த வாதம். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் எந்த மாகாணத்துக்கும் போகலாம். ஆனால் ஒரே நிறுவனத்தோடு கட்டிய ஒர்க் பெர்மிட்டில் வந்தவர் நினைத்த மாத்திரத்தில் வேலை மாற முடியாது. இதற்குள் பிள்ளைகள் விவகாரம் வேறு. குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்பது 101-ஆவது சட்டம். தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க விலக்கு கேட்கலாம். 96-ஆவது சட்டத்துக்குப் பின் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான், நீட்டிப்பு கிடையாது. தங்க முடிவு செய்தால் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பிள்ளை திடீரென்று பிரெஞ்சு வகுப்பில் உட்கார வேண்டும். ஆறு வயதில் சேர்ந்திருந்தால் விளையாட்டாக வந்திருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தரத் தனி வரவேற்பு வகுப்புகள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘இந்த வயதில் புது மொழியா?’ என்ற தயக்கத்துக்கு மட்டும் என்னிடம் அவ்வளவு இரக்கமில்லை. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்து கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் குடியேறியவர்களில் பலர் ஒரு பிரெஞ்சுச் சொல்கூடத் தெரியாமல்தான் வந்தார்கள். 101-ஆவது சட்டத்தின் கீழ்ப் படித்த அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று மூன்று மொழியில் புழங்குகிறார்கள். தப்பி வந்த அந்தப் பெற்றோருக்குத் தயாராக ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு விசா வரும்வரை சில மாதங்களாவது கையில் இருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. மாண்ட்ரியல் போனபின் தொடர்வதற்கு, 2023 ஜூனில் தொடங்கிய பிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரசு அமைப்பு இலவச வகுப்பு நடத்துகிறது. இலக்கியப் பிரெஞ்சு இப்போதைக்கு வேண்டாம். பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் தயங்காமல் சொல்லவும், பள்ளிப் படிவத்தை நிரப்பவும், வாடகை ஒப்பந்தத்தில் தொகை எழுதிய வரியைக் கண்டுபிடிக்கவும் தெரிந்தால் முதல் குளிர்காலம் ஓடிவிடும்.