பூச்சி மருந்து டின் காவல் காக்குமா?

சுங்கை ஆயர் தாவார் பக்கம் செம்பனைக்கு நடுவே போகும் சாலைகள் இருட்டியதும் வெறிச்சோடிவிடும். வேலை முடிந்து மோட்டாரில் திரும்பும் பெண்கள் கைப்பையில் மிளகாய் ஸ்பிரேக்குப் பதிலாக ரிட்செக்ட் பூச்சி மருந்து டின்னோ ஹேர் ஸ்பிரேயோ வைத்துக்கொள்ளட்டும் என்பது அக்கறையில் பிறக்கும் யோசனைதான். ஆனால் மிளகாய் ஸ்பிரேயிலுள்ள கேப்சைசின் மனிதனின் வலி நரம்பையே தூண்டி, கண்ணைத் தானாக மூட வைக்கிறது. பூச்சி மருந்திலுள்ள பைரித்ராய்டோ பூச்சியின் நரம்பை முடக்கச் செய்யப்பட்டது. மனிதக் கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். போதையில் வருகிறவன் அந்த எரிச்சலோடே கையைப் பிடித்துவிடுவான். டின்னிலிருந்து வருவதும் அறைக்குள் பரவுவதற்கான மெல்லிய தூவல்தான். எதிர்காற்றில் பாதி, அடித்தவர் முகத்துக்கே திரும்பும். உந்துவாயு தீப்பற்றக்கூடியது என்பது வேறு.

வெறுங்கைக்கு ஏதோ ஒன்று மேல் என்பார்கள். மூடியைக் கழற்றி, துளையை எதிராளி பக்கம் திருப்பும் நேரத்தில் கூச்சலிட்டு ஓடத் தொடங்கிவிடலாம். சரி, இன்னும் கடுமையானதை வைத்துக்கொண்டால்? அதன் விலையைத் தோட்ட மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டது; பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. அத்தகைய களைக்கொல்லி எதிராளியை அந்த நொடியில் நிறுத்தாது. உள்ளே போனால் சில நாள் கழித்து நுரையீரலை அழிக்கும். கழிவறை அமிலமோ பார்வையையே பறிக்கும்.

சட்டம் அளவு பார்க்கிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது 99-ஆவது பிரிவு. அரிக்கும் பொருளால் காயப்படுத்தினால் 324-ஆவது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. கொடுங்காயமானால் 326-ஆவது பிரிவில் 20 ஆண்டு வரை. அரிக்கும் பொருள், ஆபத்தான ஆயுதம் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றி ஆபத்தான ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதற்கே 5 முதல் 10 ஆண்டு சிறை. கடையில் வாங்கிய டின்னை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றமல்ல. எதற்காக வைத்திருந்தீர்கள் என்ற கேள்விதான் சிக்கல்.

மருந்து கண்ணில் பட்டால், யார் கண்ணானாலும், சுத்தமான நீரில் 15 நிமிடமாவது கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாக்குதல் நடந்தால் 999. பிறகு போலீஸ் புகார். அடிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழையுங்கள். சமூகநலத்துறை அதிகாரி வழங்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை 7 நாள் செல்லும். நீதிமன்றம் போகாமலே அதைப் பெறலாம்.